அடிக்காமல் விட்ட மூன்றாம் நிபந்தனை

போன வாரம் என் பழைய ஆபீசிலிருந்து ஒரு போன். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் ரேகாவாக்கும். "மேடம், இப்ப ஜாமீன் உத்தரவு எல்லாம் கம்ப்யூட்டரில ரெடியா கெடக்கு. ஒரு தட்டு தட்டினா எல்லா நிபந்தனையும் வரிசையா வந்து நிக்கும். வேண்டாததை அழிச்சா போதும். நீங்க எல்லாம் கையால எழுதி என்ன பாடு பட்டிருப்பீங்க!" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். போனை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது கூடத் தெரியவில்லை.

வேண்டாததை அழிக்காமல் விட்டவள் நான். அந்தக் கதையை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. ஓய்வு பெற்றாயிற்று, இனி சொன்னால் யார் என்ன செய்யப் போகிறார்கள்?

நான் கொல்லயில்காரி, கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின ஊர். எங்கள் குடும்பத்து ஆண்கள் தலைமுறையாகச் சர்க்கார் கச்சேரியில் பேனா பிடித்தவர்கள். நானும் பரீட்சை எழுதி, டைப்பு படித்து, நாலு ஊர் மாற்றலாகி, கடைசியில் எல்லைப் பக்கத்து மஜிஸ்திரேட் கோர்ட்டு ஒன்றில் பெஞ்சு கிளார்க்காக வந்து சேர்ந்தேன். எந்தக் கோர்ட்டு என்று கேட்கவேண்டாம். மஜிஸ்திரேட்டின் மேடைக்குக் கீழே உட்கார்ந்து, வழக்கைக் கூப்பிட்டு, கேஸ் கட்டை எடுத்து மேலே நீட்டி, அவர் சொல்லும் உத்தரவை எழுதி ஒப்பு, அதாவது கையெழுத்து, வாங்கும் வேலை. மத்தியானத்துக்கு மேல் அந்த ஹாலில் ஒரு மயக்கம் உண்டு. ஃபேன் சுற்றும், ஜன்னல் வழியாக மழை வாசம் வரும், வக்கீலின் குரல் பக்கத்து வீட்டில் யாரோ அரிசி புடைப்பது போலக் கேட்கும். கண் திறந்திருக்கும், கை எழுதிக்கொண்டிருக்கும், ஆனால் விழித்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகமாக இருக்கும். பல வருஷம் அப்படித்தான் போயிற்று.

அங்கே எத்தனையோ மஜிஸ்திரேட்டுகள் வந்து போனார்கள். என் மனசில் நிற்பவர் ஒருவர்தான். பேர் வேண்டாம், சார் என்றே சொல்கிறேன். வடக்கே கண்ணூர்ப் பக்கத்துக்காரர். ஒல்லியான உடம்பு, மேஜையில் எப்போதும் சீரகம் போட்டுக் காய்ச்சிய சீரகவெள்ளம் ஒரு பிளாஸ்க். கோபம் வந்தால் கூடக் குரல் ஏறாது. பேனாவை மட்டும் மூடி வைத்துவிடுவார். அது கண்டால் வக்கீல்மார் தானாக உட்கார்ந்துவிடுவார்கள்.

ஒருவனைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினால், உள்ளே வைப்பதா வெளியே விடுவதா என்பதுதான் முதல் கேள்வி. குற்றம் செய்தானா இல்லையா என்பதெல்லாம் பிறகு. சர்க்கார் வக்கீல் எழுந்து எப்போதும் மூன்று பயம் சொல்லுவார். ஓடிப்போவான், சாட்சியை மிரட்டுவான், திரும்பவும் செய்வான். எங்கள் கோர்ட்டில் முதல் பயத்துக்கு மட்டும் கூடுதல் உப்பு உண்டு: "இவன் எல்லைக்காரனாக்கும் சார், ஒரு கால் எடுத்து வெச்சா தமிழ்நாடு." சார் கண்ணை மூடிக் கேட்பார். கடைசியில் கண்ணைத் திறந்து, குற்றவாளிக் கூண்டைப் பார்க்காமல் ஹாலின் பின்பக்கத்தைப் பார்த்து ஒரே கேள்வி கேட்பார்: "ஆரு வந்திட்டுண்டு?"

இவனுக்காக யார் வந்திருக்கிறார்கள் என்றுதான் கேட்கிறார். பின்னால் ஒரு பெண்ணோ, வயசான தகப்பனோ எழுந்து கையைக் கூப்புவார்கள். சார் அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகுதான் பேனாவைத் திறப்பார். ஒருநாள் அறைக்குள் கட்டு கொண்டு போனபோது அவரே சொன்னார், "வீட்டில் காத்திருக்கிற ஆள் உள்ளவன் எங்கே ஓடினாலும் சோற்று நேரத்துக்குத் திரும்பி வருவான் மாடம்." சட்டப் புத்தகத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை. ஆனால் அவர் விட்டவர்களில் வாய்தாவுக்கு வராதவர்கள் ரொம்பக் குறைவு, அதை நான் பார்த்திருக்கிறேன்.

சில்வதாசன் வந்தது ஒரு ஆனி மாசம். எல்லைக் கடற்புறத்தில் கடைசி வரிசை வீடுகளில் ஒன்று அவனுடையது. கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் கரமடி வலைக்காரன். வலை போடுவதில் இன்றைக்கு யார் முறை என்று ஒரு சண்டை, பக்கத்து வீட்டு எட்வினைத் துடுப்பால் அடித்துத் தோளெலும்பை ஒடித்துவிட்டான். அடித்ததை அவன் மறுக்கவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றான். சார் வழக்கம்போல "ஆரு வந்திட்டுண்டு?" என்று கேட்டபோது, அவன் மனைவி ஸ்டெல்லா எட்டு வயசு மகளை இடுப்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். ஜாமீன் கிடைத்தது.

கிடைத்தது என்றால் அன்றே வீட்டுக்குப் போனான் என்று நினைக்காதீர்கள். ஜாமீன் நிற்க இரண்டு பேர் வேண்டும். அவர்கள் பேரில் நிலம் வேண்டும், கரம் தீர்த்த, அதாவது நிலவரி கட்டிய, ரசீது வேண்டும். கடற்புறத்தில் யாருக்கு ரசீது? பாதிப்பேர் இருப்பது புறம்போக்கில். சொந்தக்காரர்களில் நிலம் உள்ளவர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம், அந்த ரசீது இங்கே செல்லாது. கடைசியில் எங்கள் ஊரில் ஸ்டெல்லாவிடம் மீன் வாங்குகிற தென்னந்தோப்புக்காரர்கள் இரண்டு பேர் மனசு இரங்கி வந்தார்கள். அதற்குள் ஒன்பது நாள் ஆகிவிட்டது.

இனி என் காரியத்துக்கு வாறேன். எங்கள் கோர்ட்டில் ஜாமீன் உத்தரவுக்கு அச்சடித்த தாள் ஒன்று உண்டு. அதில் ஆறு நிபந்தனை வரிசையாக இருக்கும். சார் தன் கையால் எழுதும் குறிப்பில் எதைச் சொல்லியிருக்கிறாரோ அதை விட்டுவிட்டு, மற்றதை நான் மை வைத்து அடிக்கவேண்டும். சில்வதாசனுக்கு அவர் எழுதியது இரண்டே இரண்டு. சனிக்கிழமைதோறும் ஸ்டேஷனில் வந்து ஒப்பு போடவேண்டும், எட்வின் வீட்டுப் பக்கமும் சாட்சிகள் பக்கமும் போகக்கூடாது. நான் நாலு, ஐந்து, ஆறை அடித்தேன். மூன்றாவது அப்படியே நின்றது. "கோர்ட்டின் அனுமதி இல்லாமல் கேரள மாநிலத்தை விட்டு வெளியே போகக்கூடாது."

ஏன் விட்டேன்? எத்தனையோ தடவை எனக்குள்ளே கேட்டாயிற்று. மனசில் படவில்லை, அவ்வளவுதான். திருவனந்தபுரத்துக்காரி ஒருத்தி அந்த நாற்காலியில் இருந்திருந்தால், எல்லைக்காரனுக்கு இந்த வரி ஆகுமா என்று ஒரு நிமிஷம் யோசித்திருப்பாள். எங்களுக்கு அந்த எல்லை ஒரு எல்லையே இல்லை. என் புகுந்த வீடு அந்தப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை மரச்சீனிக் கிழங்கு வாங்க நான் நடந்து போகும் சந்தை அந்தப் பக்கம். ஒரு நாளில் நாலு தடவை மாநிலம் மாறுகிறவளுக்கு, மாநிலத்தை விட்டுப் போகாதே என்பது "வெயிலில் சுத்தாதே" என்பது போலத்தான் கேட்கும். சாரும் என்னை நம்பி ஒப்பு போட்டார். ஒப்பு வாங்கும்போது சில்வதாசனுக்கு மூன்றையும் வாசித்துச் சொன்னேன். அவனும் சிரித்துக்கொண்டே, "நான் எங்க போவப்போறேன் அக்கா?" என்று கேட்டு விரலை மையில் முக்கினான். எல்லைக்காரர்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்த வரியைக் கவனிக்காமல் விட்டோம்.

இரண்டு மாசம் கழித்து எட்வினின் மச்சான் ஒரு போட்டோவோடு ஸ்டேஷனுக்குப் போனான். போனில் எடுத்தது. சில்வதாசன் இடுப்பை வளைத்து வலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவனுக்குப் பின்னால் ஒரு கரண்டு கம்பம், அதில் தமிழில் எழுத்தும் எண்ணும். கேரளத்துக் கம்பத்தில் தமிழ் இருக்காது அல்லவா? நிபந்தனையை மீறினான், ஜாமீனை ரத்து செய்யவேண்டும் என்று மனு வந்தது. அவனுக்கு நோட்டீஸ் போயிற்று.

அன்று ஒரு சனிக்கிழமை. ஸ்டேஷனில் ஒப்பு போட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறி வந்தான். சின்ன காரியம் என்று நினைத்துத் தனியாக வந்திருந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். வழக்கைக் கூப்பிடும் முன்னே என் மேஜைப் பக்கம் வந்து, "அக்கா, சீக்கிரம் தீருமா? நாளைக்கு எனக்க மவளுக்குப் புதுநன்மையாக்கும். செருப்பு வாங்கிட்டேன், இனி வீட்டுக்குப் போய் பந்தல் போடணும்" என்றான். முதல் தடவையாக நற்கருணை வாங்கும் பிள்ளையைத் தகப்பன் கைபிடித்துப் பீடம் வரை கூட்டிப்போவது அவர்களுடைய வழக்கம். "தீரும், போய் நில்லு" என்றேன்.

அவனுடைய வக்கீல் வேறு கோர்ட்டில். ஜூனியர் எழுந்து அவகாசம் கேட்டார். சார் கையைக் காட்டி அவரை உட்காரச் சொல்லிவிட்டு அவனிடமே கேட்டார்.

"இது நீதானோ?"

"ஆமா சார்."

"இந்த போஸ்ட் எவிடத்தேயா?"

"தமிழ்நாட்டுக் கரண்டு போஸ்டாக்கும் சார்."

"அறிஞ்சோண்டு போயதோ?"

தெரிந்துகொண்டுதான் போனாயா என்று சார் கேட்டதற்குச் சில்வதாசன் மலையாளமும் தமிழும் கலந்து பதில் சொன்னான். "சார், கரமடி வலைக்கு ரெண்டு கயிறு. ஒரு கயிறு எங்க கடப்புறத்தில ஏறும், மத்தது தூரத்தில ஏறும். வலை கரைக்கு அடுக்க அடுக்க ரெண்டு கூட்டமும் இழுத்துக்கிட்டே பக்கத்தில பக்கத்தில வருவோம். கயித்த விட்டா வலைக்க மடி பொட்டிப்போவும், மீனெல்லாம் போவும். நாப்பது வீட்டுக்க சோறு சார். அப்ப காலு எங்க நிக்குதுன்னு நான் எப்படிப் பாக்க?"

ஹாலில் யாரோ சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. "ஜாமீன் என்னு பறஞ்ஞால் ஒரு வாக்காணு" என்று, ஜாமீன் என்பது கொடுத்த வாக்கு என்ற அர்த்தத்தில், மெதுவாகச் சொன்னார். பிறகு ஜாமீன் உத்தரவைக் கேட்டு கையை நீட்டினார். நான் எழுந்து கொடுத்தேன். அவர் மூன்றாவது வரியைப் பார்த்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

அந்த ஒரு கணத்தில்தான் எனக்கு விளங்கியது. இந்த வரியை இவர் சொல்லவே இல்லையே!  சார், பிழை என்னுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்போது பதவி உயர்வு லிஸ்டில் என் பேர் இருந்தது. திறந்த கோர்ட்டில், அத்தனை வக்கீல்மார் முன்னால், நான் தப்பு செய்தேன் என்று எப்படிச் சொல்ல? பயந்தேன். வேறு ஒன்றும் இல்லை, வெறும் பயம். கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். சார் ஹாலின் பின்பக்கத்தைப் பார்த்து, "ஆரு வந்திட்டுண்டு?" என்றார். யாரும் எழவில்லை. தனியாக அல்லவா வந்திருந்தான்? ஜாமீன் ரத்து, ரிமாண்டு. என் கையால்தான் எழுதினேன்.

போலீஸ்காரர் கூட்டிப்போகும்போது அவன் அந்தக் கவரை என் மேஜையில் வைத்தான். "வீட்டுக்காரி வருவா அக்கா. இதைக் குடுத்திருங்க" என்றான். வெள்ளைச் செருப்பு, பக்கிள் வைத்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு டிபன் பாக்ஸைத் திறந்தேன், மூடினேன். மேஜை மேல் அந்தக் கவர். வெளியே வெயில் அடித்தது, நின்றது, தூறியது. யாரோ பேசினார்கள், நானும் ஏதோ பதில் சொன்னேன். எல்லாம் தண்ணிக்குள் நடப்பது போல இருந்தது. தமாஷ் என்ன தெரியுமா? அன்று மத்தியானம் நான் எழுதிய உத்தரவுகளில் ஒரு பிழை கூட இல்லை.

மூன்று மணிக்கு ஸ்டெல்லா ஓடிவந்தாள். தலையில் மீன்கூடை வைக்கிற சும்மாடு அப்படியே இருந்தது. அழவில்லை. "அக்கா, நாளைக்குக் காலத்த ஏழு மணிக்குப் பூசை. அதுக்கு முன்ன விட்டுருவாவளா?" என்றுதான் கேட்டாள். நான் செருப்பை அவள் கையில் கொடுத்தேன். அவள் அதைத் திறந்து பார்த்து, "அளவு செரிதான்" என்றாள். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

சாரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். சொன்னேன். காலையிலிருந்து தெரியும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் தன் குறிப்பை எடுத்துவரச் சொல்லி, தன் கையெழுத்திலேயே இரண்டு நிபந்தனைதான் இருப்பதைப் பார்த்தார். சீரகவெள்ளத்தை ஊற்றினார், குடிக்கவில்லை.

"ராவிலே மாடம் எவிடெயாயிருந்நு?" என்றார்.

காலையில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்கிறார். ஐந்தடி தூரத்தில்தான் இருந்தேன். 

தானே ஒப்பு போட்ட உத்தரவை மாற்ற எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரம் இல்லை. எழுதும்போது வந்த கைப்பிழையைத் திருத்த மட்டும் சட்டம் இடம் தரும். சார் சர்க்கார் வக்கீலையும் ஜூனியரையும் கூப்பிட்டு, திரும்பவும் மேடையில் ஏறி உட்கார்ந்து, மூன்றாவது நிபந்தனை கோர்ட்டு போட்டதல்ல, பெஞ்சு கிளார்க்கின் கைப்பிழை, அதைப் படிக்காமல் ஒப்பு வைத்தது தன் பிழை என்று சொல்லி எழுதவைத்தார். இல்லாத நிபந்தனையை ஒருவன் மீறமுடியாது, ரிமாண்டு நிற்காது.   டைப்படித்து, ஒத்துப்பார்த்து, முத்திரை வைத்து விடுதலை உத்தரவு வெளியே போகும்போது மணி ஐந்தரை ஆகிவிட்டது.

வக்கீல் குமாஸ்தா பைக்கில் பறந்தான். போகிற வழியில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. ஒரு வண்டி போய், இன்னொரு வண்டி வரும்வரை கேட் திறக்கவில்லை. அவன் சப் ஜெயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆள் எண்ணி அடைத்தாயிற்று. அடைத்த பிறகு வரும் உத்தரவுக்கு மறுநாள் காலையில்தான் விடுதலை, அது அவர்கள் சட்டம். சில்வதாசன் ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு வெளியே வந்தான். பூசை ஏழு மணிக்குத் தொடங்கி முடிந்தேபோயிற்று. பிள்ளையைத் தாய்மாமன் கைபிடித்துக் கூட்டிப்போனானாம்.

அன்று காலை பதினொன்றரைக்கு வழக்கை எடுத்தபோதே நான் வாயைத் திறந்திருந்தால் அவன் மத்தியானம் பந்தல் போட்டிருப்பான். இந்தக் கணக்கை எனக்கு வேறு யாரும் போட்டுத்தர வேண்டாம். மெமோ வந்தது, விளக்கம் எழுதினேன், பதவி உயர்வு என்னைத் தாண்டிப் போயிற்று. அதில் எனக்கு வருத்தமே இல்லை, கிடைத்திருந்தால்தான் வெட்கமாக இருந்திருக்கும்.

அடுத்த மாசம் லீவு போட்டு, யாரிடமும் சொல்லாமல் அந்தக் கடற்புறத்துக்குப் போனேன். கரமடி இழுப்பதை அதுவரை நான் பார்த்ததில்லை. காலை வெயிலில் கடலும் மணலும் ஒரே நிறமாகக் கிடந்தன. தூரத்தில் ஒரு கூட்டம், பக்கத்தில் ஒரு கூட்டம், இரண்டும் கயிற்றோடு பின்னால் பின்னால் நடக்கிறார்கள், பாடிக்கொண்டே மெல்ல மெல்ல ஒன்றையொன்று நெருங்குகிறார்கள். நானும் அவர்களோடு மணலில் நடந்துகொண்டே போனேன். எங்கே கேரளம் முடிந்தது, எங்கே தமிழ்நாடு தொடங்கியது என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. கடைசியில் இரண்டு கூட்டமும் ஒன்றாகி மடி கரையேறியபோது மீன் துள்ளும் சத்தம் மழை போலக் கேட்டது.

சில்வதாசன் என்னைக் கண்டுவிட்டான். கயிற்றைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்தான். "எலே, இந்த அக்காவாக்கும் எனக்காவ ஜட்ஜிகிட்ட போய்ப் பேசினது!" என்று மற்றவர்களைப் பார்த்துக் கூவினான். அவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துக் கையைக் கூப்பினார்கள். வக்கீல் குமாஸ்தா அவனிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறான், அந்த வரியை விட்டது யார் என்பதைச் சொல்லவில்லை. "மவளுக்க புதுநன்மைக்கு நிக்க முடியல்ல, அது போட்டும் அக்கா. நீங்க இல்லன்னா நான் இப்பவும் உள்ளதான் கெடப்பேன். இந்த உதவிய சாவுற வரைக்கும் மறக்கமாட்டேன்" என்றான். கண் நிறைந்திருந்தது அவனுக்கு.

உண்மையைச் சொல்லத்தான் போனேன். ஊரிலிருந்து பஸ்ஸில் வரும்போது வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவனுடைய முகத்தைப் பார்த்தபோது, அன்று கோர்ட்டில் ஒட்டிக்கொண்ட அதே நாக்கு திரும்பவும் ஒட்டிக்கொண்டது.

"பரவாயில்லை மக்கா" என்றேன் நான். அவன் என்னிடம் சொல்லவேண்டிய வார்த்தை அது. நான் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்ட பிறகு, அவனுக்கு மனசிருந்தால்.